காணாமையும் இன்மையும்: ராணித் தேனீக்கு இடும் குறி எழுப்பும் அளவையியல் வினா

ஒரு பொருள் கண்ணுக்குப் படவில்லை என்பதனாலேயே அது இல்லை என்று துணியலாமா என்னும் வினா, கடவுள், உயிர், மறுபிறப்பு ஆகியவை பற்றி இந்தியத் தத்துவ மரபில் நிகழ்ந்த வழக்குகள் அனைத்திற்கும் அடியில் கிடக்கிறது. காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்ட உலோகாயதர், உடலுக்கு வேறாக உயிர் காணப்படாமையால் அப்படி ஒன்று இல்லை என்றனர். அவர்களை மறுத்த சமயங்கள், காணப்படாதவை எல்லாம் இல்லாதவை ஆகிவிடா என்றன. இரு தரப்பாரும் தத்தம் முடிபில் உறுதியாக நின்றபோதும், காணாமை எப்போது அறிவாகிறது, எப்போது வெறும் அறியாமையாகவே எஞ்சுகிறது என்னும் எல்லையை வகுத்தாலன்றி இவ்வழக்கு தீராது என்பதை அளவையியலார் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர்.

அளவை என்பது ஓர் அறிவு மெய்யானதே என்று நிறுவும் வழி. மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில், காண்டல், கருதல் முதலியவற்றோடு அபாவம் என்பதும் அளவைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் பிறர் கொள்ளும் அளவைகளைத் தொகுக்குமிடத்து அதனைச் சேர்த்தே கூறுகிறது. அபாவம் என்றால் இன்மை. இன்மையை அறிவிக்கும் வழியை வடமொழி நூலார் அனுபலப்தி, அதாவது காணக்கிடையாமை, என்றனர். மீமாம்சகரான குமாரில பட்டர் இதனைத் தனி அளவையாகக் கொண்டார். நையாயிகர் காட்சியுள் அடக்கினர். பௌத்தராகிய தருமகீர்த்தி கருதலளவைக்குரிய ஏதுக்களுள் ஒன்றாக வைத்தார். வகைப்பாட்டில் இவ்வாறு வேறுபட்டவர்கள் ஒரு நிபந்தனையில் ஒன்றுபட்டனர்: இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளின் காணாமை மட்டுமே அதன் இன்மையை நிறுவும். வெளிச்சமுள்ள அறையின் வெறுந்தரையில் குடம் காணப்படாவிட்டால் அங்கே குடம் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத இயல்புடையதாகச் சொல்லப்படும் பிசாசு அதே தரையில் காணப்படாமையோ எதையும் நிறுவாது. நிபந்தனை பொருந்திய இக்காணாமையைத் தகுதியுள்ள காணாமை என்று அழைக்கலாம்.

குடத்தையும் தரையையும் வைத்தே விளக்கப்பட்டு வந்ததால் இக்கோட்பாடு மிக எளியதாகத் தோன்றக்கூடும். ஆனால் குடத்துக்கும் பிசாசுக்கும் இடையில், காணத்தக்கவையே எனினும் எளிதில் காணக்கிடையாத பொருள்கள் எண்ணற்றவை உள்ளன. மனித அறிவு பெரும்பாலும் தடுமாறுவது அவற்றிடத்திலேயே. அந்த இடைவெளியில் நாள்தோறும் புழங்க வேண்டிய தொழில்களுள் ஒன்று தேனீ வளர்ப்பு. பெட்டியைத் திறந்து ராணித் தேனீயைக் காணாதவர், அது இல்லை என்று முடிவு செய்ய வேண்டுமா, தாம் காணவில்லை என்று மட்டும் கொள்ள வேண்டுமா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் வாழ்வும் அழிவும் அமைவதுண்டு. ராணியின் முதுகில் ஒரு வண்ணப் புள்ளியை இட்டு அதனைக் கண்காணிக்கும் வழக்கம் இந்த இக்கட்டிலிருந்து பிறந்தது. அப்புள்ளி எதை அறிவாக மாற்றுகிறது, எதை மாற்றாது விடுகிறது என்று ஆராய்வது, அளவையியலின் பழைய வினாவுக்கு ஒரு தெளிவான உரைகல்லாக அமைகிறது.

பெட்டிகளில் உலகெங்கும் பெருவழக்காக வளர்க்கப்படுவதும் தமிழகத்தில் இத்தாலியத் தேனீ என்ற பெயரால் அறியப்படுவதுமான இனத்தின் ஒரு குடும்பத்தில், செழிப்பான பருவத்தில் 20,000 முதல் 60,000 வரை தேனீக்கள் இருக்கும். அவற்றுள் முறையாக முட்டையிடும் ராணி பெரும்பாலும் ஒன்றே. பருவம் உச்சத்தில் இருக்கையில் அது நாளொன்றுக்கு 1500 முதல் 2000 வரை முட்டையிட வல்லது. எஞ்சியவற்றுள் சில நூறோ சில ஆயிரமோ ஆண் தேனீக்கள். மற்றவையெல்லாம் பணித்தேனீக்கள் எனப்படும் பெண் தேனீக்கள். ராணியும் பணித்தேனீயும் ஒரே வகைக் கருவுற்ற முட்டையிலிருந்தே தோன்றுகின்றன. புழுப் பருவம் முழுவதும் அரசக்கூழ் என்னும் சுரப்பை மிகுதியாக உண்டு, ராணி அறை எனப்படும் பெரிய அறையில் வளரும் புழு 16 நாளில் ராணியாக வெளிவர, மற்றது 21 நாளில் பணித்தேனீயாக வெளிவருகிறது. பணித்தேனீயின் ஆயுள் உழைப்பு மிக்க பருவத்தில் ஏறத்தாழ 6 வாரம். ராணியோ 2 அல்லது 3 ஆண்டும், சிலபோது 5 ஆண்டு வரையும் வாழும்.

இந்த 5 ஆண்டு என்னும் எல்லையே குறியிடும் முறைக்கு அடிப்படை. பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட வழக்கின்படி 5 நிறங்கள் சுழற்சியாகப் பயன்படுகின்றன: ஆண்டின் இறுதி எண் 1 அல்லது 6 ஆனால் வெள்ளை, 2 அல்லது 7 ஆனால் மஞ்சள், 3 அல்லது 8 ஆனால் சிவப்பு, 4 அல்லது 9 ஆனால் பச்சை, 5 அல்லது 0 ஆனால் நீலம். 2024இல் பிறந்த ராணி பச்சைப் புள்ளியும் 2025இல் பிறந்தது நீலப் புள்ளியும் பெறும். ஒரு நிறம் மீண்டும் வருவதற்குள் அந்நிறத்தை முன்பு தாங்கியிருந்த ராணி பெரும்பாலும் மறைந்திருக்கும் என்பதால், நிறத்தைக் கண்ட அளவிலேயே ராணியின் வயதை அறியலாம்.

குறியிடும் செயலில் பொறுமையும் நுட்பமும் வேண்டும். முட்டைகள் நிறைந்த வயிற்றுப் பகுதியை அழுத்தினால் ராணி பயனற்றுப் போகுமாதலால், அதனை மார்புப் பகுதியின் இரு பக்கங்களிலும் விரல்நுனிகளால் மெல்லப் பற்ற வேண்டும். அல்லது அடையின் மேலேயே, ஊசிகள் சூழ்ந்த வளையத்தில் நூல்வலை கட்டிய சிறு கூண்டினால் நகராமல் நிறுத்த வேண்டும். இறக்கைகள் முளைக்கும் இடங்களுக்கு நடுவே, மார்பின் மேற்புறத்தில், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பரப்பில் வண்ணம் இடப்படுகிறது. துளி சற்றுப் பெருகிக் கழுத்திலோ இறக்கை மூட்டிலோ கண்ணிலோ வழிந்தால் ராணிக்குக் கேடு. மிகக் குறைந்தால் பணித்தேனீக்கள் நக்கித் தேய்த்துவிடும். வண்ணம் உலரும் முன்னரே விட்டுவிட்டால், அதன் நெடியால் கலங்கிய பணித்தேனீக்கள் தம் ராணியையே அயலாகக் கருதிப் பந்துபோல் மொய்த்துக் கொல்லவும் கூடும். ஆகவே பழகாத கைகள், கொடுக்கில்லாத ஆண் தேனீக்களின் மேல் முதலில் பயிற்சி பெறுகின்றன.

இனி, குறியில்லாத பெட்டியில் ராணி காணப்படாதபோது நிகழ்வதை நோக்க வேண்டும். பத்துச் சட்டங்களின் இரு புறமும் தேனீக்கள் அடுக்கடுக்காக நகர்ந்துகொண்டிருக்க, ராணி வெளிச்சத்தை விட்டு அடுத்த அடைக்கோ பெட்டிச் சுவரின் மூலைக்கோ ஓடி மறையும். இங்கே காணாமை தகுதியுள்ளதன்று. இருந்தும் காணப்படாமல் போவதற்கு வாய்ப்பு மிகுதி. எனவே தேனீ வளர்ப்போர் காண்டலை விட்டுக் கருதலுக்குச் செல்கின்றனர். அறையின் அடியில் செங்குத்தாக நிற்கும் முட்டை அன்று இடப்பட்டது. சாய்ந்து நிற்பது அதற்கு முந்தியது. படுத்துக் கிடப்பது மூன்றாம் நாளை எட்டியது. அதன்பின் முட்டை பொரிந்து புழுவாகிவிடும். ஆகவே முட்டை காணப்படின், கடந்த 3 நாளுக்குள் இங்கே ராணி இருந்தது என்று காரியத்திலிருந்து காரணத்தைத் துணிகின்றனர். புகையைக் கொண்டு நெருப்பைத் துணியும் அதே வழி இது.

ஆனால் இந்த ஏதுவிலும் ஒரு குற்றம் ஒளிந்திருக்கிறது. நெடுநாள் ராணியின்றி இருந்த குடும்பத்தில் பணித்தேனீக்கள் சிலவற்றின் சூற்பை விழித்துக்கொண்டு, அவையும் முட்டையிடத் தொடங்கும். ஆண் தேனீயுடன் சேராத அவற்றின் முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே பிறப்பதால் அக்குடும்பம் மெல்ல அழியும். துணிபொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைத்த ஏதுப் போலிகளின் வரிசையில் அநைகாந்திகம் என்னும் பெயரால் காணலாம். முட்டை என்னும் ஏது அத்தகையதே. அதனைத் திருத்த ஒரு வரையறை சேர்க்க வேண்டும்: அறைக்கு ஒன்றாக, அடிப்பகுதியின் நடுவில் ஒழுங்காக இடப்பட்ட முட்டைகளே ராணியைக் காட்டும், ஒரே அறையில் பலவாகவும் பக்கச் சுவர்களில் சிதறியும் கிடப்பவை பெரும்பாலும் ராணியின்மையைக் காட்டும். மறுதலையாக, முட்டையின்மையும் ராணியின்மைக்குச் சான்றாகாது. புதிதாகப் பிறந்து இன்னும் ஆண் தேனீக்களுடன் கூடாத இளம் ராணி, முட்டையின்றிப் பெட்டிக்குள் உலவிக்கொண்டிருக்கலாம். அதனை அறியாது வேறொரு ராணியை உள்ளே விடுபவர், விட்ட ராணியையும் இழக்கிறார்.

குறி இல்லாத நிலையில் காணாமையைத் தகுதியுள்ளதாக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்குத் தேனீ ஆய்வின் வரலாற்றில் ஓர் அரிய சான்று உள்ளது. ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்சுவா ஹூபர் (1750–1831) இளமையிலேயே பார்வை இழந்தவர். தம் உதவியாளர் பர்னென்ஸின் கண்களைக் கொண்டு ஆராய்ந்து, 1792இல் தேனீக்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். பணித்தேனீக்களும் முட்டையிடும் என்று ரீம் என்பவர் முன்னரே கூறியிருந்ததை உறுதிப்படுத்த, ராணியற்ற கூடுகளில் முட்டைகள் தோன்றுவதை மட்டும் காட்டுவது போதாது. உருவிற் சிறுத்த ராணி ஒன்று கண்ணுக்குத் தப்பி உள்ளே இருந்திருக்கலாம் என்னும் ஐயத்தை அகற்ற வேண்டியிருந்தது. பர்னென்ஸ் இரு கூடுகளிலிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, நாக்கையும் பின்னங்கால்களையும் கொடுக்கையும் பார்த்துப் பார்த்து, 11 நாள் அப்பணியில் ஈடுபட்டார். கொட்டும் உயிரை ஆயிரக்கணக்கில் விரலிடையே ஏந்திப் பெற்ற அந்த முடிபு, இன்மையைப் பற்றிய அறிவு எவ்வளவு விலை கொடுத்துப் பெற வேண்டியது என்பதைக் காட்டுகிறது. பார்வையற்ற ஒருவர், பார்த்தவன் சொன்னதைக் கொண்டு மட்டும் நிறைவடையாமல், பார்வை எப்போது போதுமானதாகிறது என்னும் நிபந்தனையை வகுத்து நிறைவேற்றினார் என்பது வணங்கத்தக்கது.

வண்ணப் புள்ளி அந்த 11 நாள் உழைப்பைச் சில நிமிடங்களாகச் சுருக்குகிறது. பழுப்பும் கறுப்புமாக நெளியும் கூட்டத்தில் வெண்மையோ நீலமோ தனித்துத் தெரிவதால், இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லும் தகுதி காண்பவருக்கு வருகிறது. ராணி அதற்கு முன்னும் காணத்தக்க பொருளாகவே இருந்தது. காணும் நிலைமையே இப்போது செம்மைப்பட்டது. ஆகவே தகுதி என்பது பொருளின் இயல்பில் மட்டும் உறைவதன்று, காண்பவர் செய்துகொள்ளும் ஏற்பாட்டையும் அது சார்ந்தது என்பது இங்கே விளங்குகிறது. தகுதியைப் பொருளின் புலனாகும் தன்மையாக மட்டும் கொள்ளாமல், வெளிச்சம், அண்மை, பழுதற்ற பொறி முதலிய துணைக்காரணங்களின் நிறைவாகவும் பழைய நூலார் கொண்டதன் பொருத்தம், குறியிட்ட பெட்டியின் முன் நிற்பவருக்குத் தெளிவாகும்.

எனினும் குறி தரும் அறிவுக்கும் எல்லை உண்டு. புள்ளியுள்ள ராணி காணப்பட்டால் இன்ன ராணி இருக்கிறது என்பது உறுதி. புள்ளியில்லாத ராணி காணப்பட்டாலோ, பழைய ராணி மறைந்து புதியது வந்தது என்றும் கொள்ளலாம், பழைய ராணியின் வண்ணம் உதிர்ந்தது என்றும் கொள்ளலாம். குறியின் இன்மை, குறியிடப்பட்டதன் இன்மையாகாது. மேலும், முதுமையால் தளர்ந்த ராணியைக் குடும்பமே மாற்றிக்கொள்ளும் சில வேளைகளில், தாயும் மகளுமாகிய இரு ராணிகள் ஒரே அடையில் வாரக்கணக்கில் சேர்ந்து முட்டையிடுவதுண்டு. புள்ளியுள்ள தாயைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுபவர், மகள் இருப்பதை அறியவே மாட்டார். இது இருக்கிறது என்னும் அறிவிலிருந்து இது மட்டுமே இருக்கிறது என்னும் முடிவுக்குத் தாவுவது, சமய வழக்குகளிலும் அடிக்கடி நிகழும் பிழை. தாம் கண்ட உண்மையில் ஐயமில்லாதவர், அக்காட்சியையே பிறர் கண்டதற்கு மறுப்பாகக் காட்டுவதில் இப்பிழைதான் செயற்படுகிறது.

குறிகளுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. சிவஞான சித்தியார் பொருளின் இயல்பைப் பொதுவியல்பு, தன்னியல்பு என இரண்டாக வகுக்கிறது: பிற இனங்களினின்று நீங்கித் தன் இனத்தோடு ஒத்து நிற்பது பொதுவியல்பு, பிற இனத்தினின்றும் தன் இனத்தினின்றும் வேறாகத் தனித்து நிற்பது தன்னியல்பு. நிறம் மட்டும் கொண்ட புள்ளி, இன்ன ஆண்டில் பிறந்த ராணிகளுள் ஒன்று என்னும் பொதுமையையே அறிவிக்கிறது. பக்கத்துப் பெட்டியின் ராணியும் அதே நிறமுடையதாக இருக்கலாம். இனவிருத்தி செய்வோர் இது போதாதென்று, 1 முதல் 99 வரை எண் பொறித்த மெல்லிய வண்ணத் தகடுகளை ராணியின் மார்பில் ஒட்டி, அந்த எண்ணையும் தாயின் எண்ணையும் ஏட்டில் எழுதிவைக்கின்றனர். தன்னியல்பை எண் முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை. எந்த உயிரின் தனித்தன்மையும் அதன்மேல் ஒட்டிய தகட்டில் இல்லை. ஆனால் தனித்தன்மையை நோக்கிக் கவனத்தைத் திருப்பும் ஆற்றல் எண்ணுக்கு உண்டு.

குறியிட்ட ராணியைத் தொடர்ந்து கண்காணிப்பவர் விரைவில் வேறொரு வினாவை எதிர்கொள்கிறார். தொடர்ந்து இருப்பது ராணியா, குடும்பமா என்பதே அது. கூட்டம் பிரிதல் என்பது, உணவு மிகுந்து, இடம் போதாத அளவுக்குச் செழித்த குடும்பம் இரண்டாகப் பிரிந்து பெருகும் நிகழ்ச்சி. புதிய ராணி அறைகள் மூடப்படும் தறுவாயில், பழைய ராணி ஏறத்தாழ பாதித் தேனீக்களுடனோ அதற்கும் மேற்பட்டவற்றுடனோ பறந்து மரக்கிளையில் தொங்கிப் பின் புதிய இடத்துக்குக் குடியேறுகிறது. பழைய பெட்டியில் அடைகளும் தேனும் புழுக்களும் மீதித் தேனீக்களும் பிறக்கப்போகும் மகளும் எஞ்சுகின்றன. கிளையில் தொங்குவது பழைய குடும்பமா, பெட்டியில் இருப்பது பழைய குடும்பமா? ராணியைப் பின்பற்றி ஏடு எழுதுபவர் ஒன்றையும், பெட்டியைப் பின்பற்றி எழுதுபவர் மற்றொன்றையும் தொடர்ச்சியாகக் கொள்வர். பிரிந்த கூட்டம் உடையவரின் பார்வைக்குள் இருந்து, பின்தொடர்வதும் அரிதாகாத வரை அது அவருடையதே, பார்வை தப்பினால் பிடித்தவருடையது என்று 6ஆம் நூற்றாண்டின் ஜஸ்டினியன் சட்டநூல் விதித்தது. ராணியின் முதுகிலுள்ள எண், பார்வை அறுந்த பின்னும் உடைமையை நிறுவ வல்ல சான்றாகிறது. தமிழகத்திலும் கேரளத்திலும் பெட்டிகளில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீ, கூட்டம் பிரிவதிலும் பெட்டியை அடியோடு கைவிட்டுப் போவதிலும் முனைப்பு மிக்கதாகையால், இவ்வினா இங்கும் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

பிரிவு நிகழாத குடும்பத்திலும் சிக்கல் குறைவதில்லை. பழைய ராணியை நீக்கிப் புதியதை விட்டால், பழையதன் மக்கள் வயது முதிர்ந்து மறைய, உழைப்பு மிக்க பருவத்தில் இரண்டு மூன்று மாதங்களுக்குள் பெட்டியிலுள்ள தேனீக்கள் யாவும் புதிய ராணியின் மக்களாகிவிடும். உறுப்பு எதுவும் எஞ்சாத அந்நிலையிலும் பெட்டியின் மேல் எழுதிய எண் மாறுவதில்லை. பௌத்தர் இதனைக் கண்டு வியக்கமாட்டார். கணந்தோறும் தோன்றி மறைவனவற்றின் தொடர்ச்சியையே மக்கள் ஒன்றென்று வழங்குகின்றனர் என்பதும், இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் அதுவுமன்று வேறுமன்று என நாகசேனர் மிலிந்த மன்னனுக்குக் காட்டியதும் அவர் கொள்கை. நையாயிகர், உறுப்புகளுக்கு வேறான முழுமை உண்டு என்று நிறுவியபோதும், உறுப்பு நீங்கின் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றுகிறது என்றனர். மாறாத ஒருமையை அவர்கள் ஆன்மாவுக்கே உரியதாக்கி, கண்டவனே தொடுகிறான் என்னும் மீட்டறிவை அதற்குச் சான்றாக்கினர். சமணரோ, உள்ளது எதுவாயினும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றையும் ஒருங்கே உடையது என்றனர். தத்துவார்த்த சூத்திரம் வகுத்த இந்நெறியைக் கொண்டே தமிழில் நீலகேசி பௌத்தரோடு வாதிடுகிறது.

இம்மூன்றனுள் தேனீக் குடும்பத்துக்கு மிகவும் பொருந்துவது சமணர் கூற்றே எனலாம். தேனீக்கள் தோன்றி மறைகின்றன. ராணிகள் அவற்றினும் மெல்லத் தோன்றி மறைகின்றன. அடையின் வெப்பத்தை ஒரே அளவில் காப்பதும் புழுவுக்கு உணவூட்டுவதும் தேனைச் சேமிப்பதுமாகிய ஒழுங்கு நிலைபெறுகிறது. ராணியின் குறி இவற்றுள் நடுவணதாகிய ஓட்டத்தை மட்டும் அளக்கிறது. ராணியை அடையாளங்கண்டவர் குடும்பத்தையே அடையாளங்கண்டதாக எண்ணினால், ஒரு கூற்றை முழுமையாகக் கொள்ளும் பிழைக்கு ஆளாகிறார். குறியால் பயனில்லை என்று தள்ளுபவரோ, கிடைத்த கூற்றையும் இழக்கிறார்.

தேனீக்களுக்குத் தம் ராணியைப் பற்றி உள்ள அறிவு இவ்விடத்தில் கருதத்தக்கது. ராணியின் தாடைச் சுரப்பிகளிலிருந்து வரும் பொருள், அதனைச் சூழ்ந்து பேணும் தேனீக்களால் நக்கப்பட்டு, வாய்க்கு வாயாகவும் உடலுக்கு உடலாகவும் குடும்பமெங்கும் பரவுகிறது என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1950களில் விளக்கினார். ராணியை எடுத்துவிட்டால், சில மணி நேரத்திற்குள் குடும்பம் அமைதி குலைகிறது. விரைவில் பணித்தேனீப் புழுக்களின் அறைகள் சிலவற்றை அகலப்படுத்தி, புதிய ராணியை வளர்க்கத் தலைப்படுகிறது. ராணியைக் கண்ணாற் கண்டிராத ஆயிரமாயிரம் தேனீக்களும் அதன் இன்மையை உணர்கின்றன. இடையறாது வந்துகொண்டிருந்தது வராமற் போதலே அவற்றுக்குத் தகுதியுள்ள காணாமை. வண்ணப் புள்ளியோ அவற்றின் அறிவில் இடமே பெறுவதில்லை. அயல் ராணியை முதலில் எதிர்ப்பவை, சில நாள் கூண்டுக்குள் வைத்துப் பழக்கினால் அதனையே தமதாக ஏற்கின்றன. மனிதர் தேடுவது இன்ன ராணி என்னும் தனிமையை. தேனீக்களுக்கு வேண்டுவது தம்மோடு உறவு கொண்ட ஒரு ராணியின் தொடர்ச்சியை. இரண்டும் ஒரே உயிரைப் பற்றிய மெய்யறிவுகளே. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

குறியின் உண்மையான படிப்பினை, குறி பெறாதவற்றை நோக்கும்போது வெளிப்படுகிறது. பெட்டியில் ஒன்றுக்கு மட்டும் புள்ளி இருக்க, ஏனைய பல்லாயிரமும் வேறுபாடற்ற திரளாகத் தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றியது காண்பவரின் குறைபாடே என்பதைத் தேனீ ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் நிறுவினார். அவர் 5 நிறங்களை மார்பிலும் வயிற்றிலும் வெவ்வேறு இடங்களில் இட்டு, 1 முதல் 599 வரை தனித்தனியாக எண்ணிடும் முறையை வகுத்துப் பணித்தேனீக்களை அடையாளப்படுத்தினார். சர்க்கரைக் கரைசலைக் கண்டு திரும்பிய அதே தேனீதான் அடையின் மேல் ஆடுகிறது என்றும், அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பழகிய இன்னொன்றுதான் அவ்விடத்துக்கு வருகிறது என்றும் அதனாலேயே அறிய முடிந்தது. தேனீக்களின் ஆட்ட மொழியை வெளிப்படுத்திய அவ்வாய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னாளில் அமெரிக்க ஆய்வாளர் டாமஸ் சீலியும் அவர்தம் குழுவினரும், ஏறத்தாழ 4000 தேனீக்கள் கொண்ட கூட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இட்டு, புதிய குடியிருப்பைத் தேரும் முடிவில் எந்தத் தேனீ எந்த இடத்துக்காக ஆடியது, எது எப்போது ஓய்ந்தது என்பதைத் தொடர்ந்து கண்டனர். திரள் என்று எண்ணப்பட்டதற்குள் தனித்தனிச் செயல்களும் தனித்தனி வரலாறுகளும் இருந்தன. குறியிடும் வரை அவை காணப்படவில்லை, அவ்வளவே.

இங்கேதான் அளவையியல் அறவியலாகிறது. நிறத்தால் வயதறியப்பட்ட ராணி, வளம் குன்றியதென மதிப்பிடப்பட்டு, ஓராண்டிலோ ஈராண்டிலோ நீக்கிக் கொல்லப்படுவது வணிக வளர்ப்பில் பெருவழக்கு. சிலர் ராணியின் ஓர் இறக்கையின் நுனியைக் கத்தரித்துவிடுகின்றனர். கூட்டம் பிரியும்போது அது பறக்க இயலாமல் பெட்டிக்கு முன் விழ, பிற தேனீக்கள் திரும்பி வருகின்றன. புள்ளி அறிவதற்கான குறி. கத்தரித்த இறக்கை கட்டுப்படுத்துவதற்கான தளை. அறிவதற்கென்று தொடங்கிய செயல் எவ்வளவு எளிதில் ஆள்வதாக மாறுகிறது என்பதற்கு இவ்விரண்டின் நெருக்கமே போதிய எடுத்துக்காட்டு. தேனைக் கள்ளோடும் புலாலோடும் சேர்த்து விலக்கிய சமண அறம், அடையில் வாழும் சிற்றுயிர் ஒவ்வொன்றையும் தனியுயிராக எண்ணியது. பௌத்த விநயம் தேனைத் துறவியருக்குரிய ஐவகை மருந்துகளுள் ஒன்றாக ஏற்றது. முடிபுகள் வேறாயினும், கண்ணுக்குத் தனித்துப் படாத உயிரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் அக்கறை இந்த மரபுகளுக்குப் பொதுவானது. குறி பெற்ற ஒன்றிடம் மட்டும் பரிவு கொண்டு, குறியற்றவற்றைப் பொருட்படுத்தாத நெஞ்சம், தன் கண்ணின் எல்லையையே உயிரின் எல்லையாகக் கொள்கிறது. ஆகவே ராணியை மெல்லப் பற்றும் விரல், அடையைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கையில் நசுங்கக்கூடிய பெயரற்ற தேனீக்களிடத்தும் அதே மென்மையைக் காட்டக் கடமைப்பட்டது.

இனி உலோகாயதருக்கும் அவரை மறுத்தோருக்கும் இடையிலான வழக்குக்கு மீண்டால், தேனீப் பெட்டி இரு தரப்பாருக்கும் ஒரே அளவான ஒழுக்கத்தை விதிப்பது தெரியும். காணவில்லை, ஆகவே இல்லை என்பவர், இருந்திருந்தால் தாம் கண்டிருக்கக்கூடிய நிலையில் நின்றாரா என்று முதலில் தம்மையே வினவ வேண்டும். பர்னென்ஸ் பட்ட பாட்டைப் படாமல் இன்மையைப் பேசும் உரிமை வருவதில்லை. காணாமை இன்மையை நிறுவாது என்பவரும், அந்த மறுப்பினாலேயே தம் பொருளின் உண்மை நிறுவப்பட்டதாகக் கொள்ளலாகாது. ராணி காணப்படாத பெட்டியில் ராணி உண்டு என்று அடித்துச் சொல்பவர், இல்லை என்று சொல்பவரைப் போலவே ஒரு குடும்பத்தை இழக்கக்கூடும். இருவருக்கும் திறந்துள்ள வழி, காண்பதற்குரிய நிலைமையைச் செம்மைப்படுத்துவதே: வெளிச்சத்தைக் கூட்டுவது, கையைப் பழக்குவது, ஏதுக்களைக் குற்றம் நீக்கி எடுப்பது, இயன்றவிடத்துக் கேடு விளையாத குறியை இடுவது. சமயங்கள் நோன்பு, தியானம், ஒழுக்கம் என்று வகுத்தவற்றை, காண்பவரைக் காண்பதற்குத் தகுதியாக்கும் முயற்சிகளாக இந்நோக்கில் புரிந்துகொள்ளலாம். அவற்றை மேற்கொண்டவர் கண்டதாகச் சொல்வதையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். உண்டு என்பதாயினும் இல்லை என்பதாயினும், அச்சொல்லைச் சொல்லும் தகுதியை உழைத்துப் பெற்றவரின் சொல்லே அறிவாகும். அத்தகுதி வரும் வரை, காணவில்லை என்று மட்டும் சொல்லி நிற்பது அறிவுக்கும் அறத்துக்கும் ஒருங்கே பொருந்தும்.